நின்ற கடிகாரமும் நகர்ந்த எல்லையும்

கணிப்பொறி விளையாட்டு என்றதும் கார் ஓட்டுவதும் துப்பாக்கி சுடுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். "பிள்ளைகள் பொழுதை வீணாக்குகிறார்கள்" என்று பெற்றோர் வருந்துவதும் நாங்கள் அறியாததன்று. ஆனால் எங்கள் கணினி அறிவியல் பிரிவு மாணவியர் இவ்வாண்டு செய்த விளையாட்டில் படம் இல்லை, ஓசை இல்லை, சுடுவதற்கு ஒருவரும் இல்லை. கறுப்புத் திரையில் சில வரிகள் தோன்றும். படிப்பவள் பதில் எழுத வேண்டும். அவ்வளவே!

'நீ ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கிறாய். காலை மணி எட்டு. உன் கையில் அத்தை கொடுத்த பழைய கடிகாரம். அது ஓடவில்லை. என்ன செய்கிறாய்?'

'கடிகாரத்தைப் பார்' என்று எழுதினால் கடிகாரம் எப்படி இருக்கிறது என்று சொல்லும். 'கிழக்கே போ' என்றால் அடுத்த இடத்தின் வருணனை வரும். இப்படிச் சொல்லாலேயே நடந்து, சொல்லாலேயே பூட்டுத் திறந்து, புதிர்களை விடுவித்து முடிவை அடைய வேண்டும். 'நின்ற கடிகாரம்' என்பது எங்கள் விளையாட்டின் பெயர். அதை உருவாக்கியபோது நாங்கள் கற்றவற்றை, அடுத்து இதைச் செய்ய நினைக்கும் தங்கையருக்காக எழுதுகிறோம்.

இத்தகைய விளையாட்டின் தொடக்கம் ஒரு தந்தையின் அன்பில் இருக்கிறது. அமெரிக்காவில் வில் குரோதர் என்பவர் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்புக்கு நிரல் எழுதியவர்களுள் ஒருவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைகளுக்குள் இறங்கி ஆராய்ந்து வரைபடம் தயாரித்தவர். மணமுறிவுக்குப் பின், தம்மைப் பார்க்க வரும் இரண்டு மகள்களும் மகிழ வேண்டும் என்பதற்காக 1975, 1976 ஆண்டுகளில் தாம் நடந்த குகையையே சொற்களாக்கி, 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை எழுதினார். 1977-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் உட்ஸ் அதை மேலும் விரிவாக்கினார். அதன் பிறகு வந்தவை எல்லாம் அதன் பிள்ளைகளும் பேத்திகளுமே.

இதில் எங்களைக் கவர்ந்தது ஒன்று. முதல் விளையாட்டின் குகை கற்பனைக் குகை அன்று. அவர் தவழ்ந்து சென்ற உண்மைக் குகை. நாங்களோ முதலில் இங்கிலாந்து அரண்மனை ஒன்றையும் பறக்கும் இயந்திரத்தையும் வைத்துத் தொடங்கியிருந்தோம்! அரண்மனையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் அதைக் கைவிட்டு, நாம் நடந்து பழகிய இடத்துக்கே வந்துவிட்டோம். ஓசூர், சிப்காட், ஜூஜூவாடி எல்லை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. இடம் மாறாது, ஆண்டு மட்டும் மாறும் என்று முடிவு செய்தோம்.

செய்முறை கடினமானதன்று. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வரும் பைத்தான் மொழியே போதும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர், ஒரு வருணனை, எந்தத் திசையில் போனால் எந்த இடம் வரும் என்னும் குறிப்பு. ஒவ்வொரு பொருளும் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல். கதவு திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்பன போன்ற நிலைகள். இவற்றை முதலில் நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொள்ளுங்கள். வரையாமல் நேரே கணிப்பொறியில் உட்கார்ந்த எங்களுள் ஒருத்தி, பேருந்து நிலையத்துக்கு மேற்கேயும் அதே பேருந்து நிலையத்தை வைத்துவிட்டாள். அதிலிருந்து எவராலும் வெளியேற முடியவில்லை.

கடினமாக இருந்தது மொழிதான். ஆங்கில விளையாட்டுகளில் முதலில் வினை, பிறகு பொருள். நம் மொழியில் பொருள் முன்னே வரும், வினை கடைசியில் வரும். ஆகவே எழுதிய வரியின் கடைசிச் சொல்லை வினை என்று கொள் என்று கணிப்பொறிக்குச் சொல்லிவிட்டோம். அதுவரை எளிது. ஆனால் 'கடிகாரம்' என்ற பொருள் 'கடிகாரத்தை' என்று வந்து நிற்கிறது. 'கல்' என்பது 'கல்லை' ஆகிறது, 'வீடு' என்பது 'வீட்டை' ஆகிறது, 'ஆறு' என்பது 'ஆற்றை' ஆகிறது. போதாததற்கு 'கதவைத் திற' என்று ஒருத்தி எழுதுவாள், 'கதவை திற' என்று இன்னொருத்தி எழுதுவாள். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதற்காகத் தேர்வில் மதிப்பெண் இழந்தவர்கள் எங்களுள் பலர். கணிப்பொறி அந்தத் தவற்றை மன்னிக்க வேண்டும் என்பதில் மட்டும் வகுப்பு முழுவதும் ஒரே கருத்தாக இருந்தது. தமிழாசிரியை சற்று யோசித்துத்தான் இசைந்தார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்கோ அது ஐந்து குறியீடுகள். மெய்யின் புள்ளியும் இகரத்தின் குறியும் அதற்குத் தனித்தனி. சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தை வெட்டச் சொன்னால் அது புள்ளியை மட்டும் வெட்டிவிட்டு, 'வெட்டிவிட்டேன்' என்று நிற்கும். விதி எழுதி எழுதிப் பார்த்து, கடைசியில் நாற்பதுக்கு மேற்பட்ட பொருள்களுக்கும் எல்லா வடிவங்களையும் கையாலேயே பட்டியலிட்டோம். அழகான வழி அன்று. ஆனால் வேலை செய்தது.

பட்டியல் முடிந்தது என்று மகிழ்ந்த அன்று ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை அழைத்து விளையாடச் சொன்னோம். அவள் வீட்டில் தெலுங்கு பேசுபவள். கடிகாரத்தைக் கண்டதும் 'தீஸ்கோ' என்று எழுதினாள். திரையில் 'புரியவில்லை' என்று வந்தது. பிறகு 'எடுத்துக்கோ' என்றாள். மீண்டும் 'புரியவில்லை'. நாங்கள் 'எடு' என்பதை மட்டுமே கற்றுக்கொடுத்திருந்தோம். மூன்றாம் முறையும் அதே பதில் வந்ததும் அவள் எழுந்து, "அக்கா, எனக்குத் தமிழ் சரியா வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று எங்களுக்கு ஏற்பட்ட வெட்கம் பெரிது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் இது. தொழிற்சாலை வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் பள்ளியில் படிக்கிறார்கள். தெரியாதது இயந்திரத்துக்கு, குற்றம் ஏற்றதோ அந்தக் குழந்தை. 'புரியவில்லை' என்ற சொல்லை அன்றே எடுத்துவிட்டோம். 'அந்தச் சொல் எனக்கு இன்னும் தெரியாது. வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாயா?' என்று மாற்றினோம். தெரியாத சொல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பில் பதிவாகும்படி செய்தோம். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் படித்துச் சேர்ப்பது எங்கள் வேலை. 'எடு'வுக்கு இப்போது பதினான்கு வடிவங்கள் உள்ளன. தெலுங்கின் 'தீஸ்கோ'வும் கன்னடத்தின் 'தகோ'வும் அவற்றுள் அடங்கும். அந்தத் தங்கையைத் தேடிச் சென்று மீண்டும் அழைத்துவர மூன்று நாள் ஆயிற்று.

இனிப் புதிர்கள். புதிர் என்றால் விடை தெரிந்தபின் 'அட, இது முன்பே தோன்றியிருக்க வேண்டுமே!' என்று படவேண்டும். 'இதை யாரால் கண்டுபிடிக்க முடியும்?' என்று பட்டால் அது புதிர் அன்று, ஏமாற்று. அந்த நியாயத்தை வெளியே தேட வேண்டியதில்லை, உண்மைச் செய்திகளிலேயே இருக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

முதல் புதிர் கடிகாரத்தை ஓட வைப்பது. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தால் ஓசூர் கடிகார ஊராயிற்று என்பது நாம் அறிந்ததே. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? அதைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனால் மிச்சமின்றி ஒன்றில் வந்து நிற்கும். நொடிக்கு ஒரு துடிப்பு! அந்தத் துடிப்பே முள்ளை நகர்த்துகிறது. 'எத்தனை முறை பாதியாக்க வேண்டும்?' என்று அத்தையின் கடிகாரம் கேட்கும். பென்சிலும் தாளும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். விடையை இங்கே எழுதமாட்டோம்.

அடுத்தது ரயில் புதிர். இன்று கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது. ஆனால் 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறு ரயில் பாதை திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. இதை முதலில் கேட்டபோது எங்களுள் பாதிப்பேர் நம்பவில்லை. விளையாட்டில் 1925-க்குப் போகும் பெண் திருப்பத்தூரில் உள்ள பூட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். ரயில் நிலையத்தில் டிக்கெட் மூன்றணா. (கட்டணம் எங்கள் கற்பனை, உண்மைக் கட்டணம் தெரிந்த தாத்தாக்கள் எழுதலாம்.) அவள் பையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால், நிலைய அலுவலர் அதைத் திருப்பிப் பார்த்து, அதிலுள்ள ஆண்டைப் படித்து, அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு பைசா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வரும்வரை நடந்தது. வீட்டில் அத்தையின் சுருக்குப் பையைத் திறந்து பார்த்தவளுக்கு மட்டுமே அணாக்காசு கிடைக்கும். பெரியவர்கள் பொருளை அலட்சியம் செய்தவள் மீண்டும் ஒருமுறை நிகழ்காலத்துக்கு வந்துபோக வேண்டும்!

எங்களுக்கே மிகவும் பிடித்த புதிர் எல்லையைப் பற்றியது. இன்று எல்லை என்றால் ஜூஜூவாடி; அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். ஆனால் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, கிருஷ்ணகிரி கம்பெனிக்குப் போயிற்று, ஓசூர்ப் பகுதி மைசூரிலேயே நின்றது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகே ஓசூரும் கம்பெனி வசமாயிற்று. அதாவது ஏழு ஆண்டுக் காலம், நாம் இன்று ஒரு மணி நேரத்தில் பேருந்தில் கடக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு நடுவே இரண்டு அரசுகளின் எல்லை இருந்தது.

விளையாட்டில் ஆண்டு 1795. கிருஷ்ணகிரியில் ஒரு தாய். மகளை ஓசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மகளுக்குப் பிள்ளை பிறந்ததாகக் கேள்வி. "ஒரு செய்தி கொண்டுபோய்ச் சொல்வாயா, அம்மா?" என்கிறாள். வழியில் நாங்கள் இரண்டு காவலரை நிறுத்தியிருக்கிறோம். கெஞ்சினாலும் விடமாட்டார்கள், காசு கொடுத்தாலும் விடமாட்டார்கள். எப்படிக் கடப்பது?

முதல் மாதத்தில் ஒருவருமே இதை விடுவிக்கவில்லை. நாங்கள் பெருமைப்பட்டோம். "யாருக்கும் விடை தெரியவில்லை என்றால் புதிர் நல்லது என்று பொருளில்லை, துப்பு போதவில்லை என்று பொருள்" என்று சிஸ்டர் சொன்னதும் பெருமை அடங்கிற்று. கதாநாயகியின் பையில் ஒரு வரலாற்றுப் பாடப்புத்தகத்தை வைத்தோம். 'புத்தகத்தைப் படி' என்றால் 1792-ம் 1799-ம் வரும். மறுநாளே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். எல்லையைக் கடக்க வேண்டியதில்லை, எல்லை இல்லாத ஆண்டில் நடந்தால் போதும்! கடிகாரத்தை 1800-க்குத் திருப்பி, ஓசூர் வரை நடந்து, அங்கே நின்று மீண்டும் 1795-க்குத் திருப்பினால், மகளின் வீட்டு வாசல்.

"அப்படியானால் தாயையே 1799 வரை பொறுத்திருக்கச் சொன்னால் என்ன?" என்று கேட்ட கெட்டிக்காரியும் உண்டு. அதையும் எழுதிப் பார்க்கலாம். தாய் சொல்லும் பதில்: "அதற்குள் என் பேரன் ஓடவே தொடங்கிவிடுவானே!"

காலப் பயணக் கதையில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் சிக்கல் ஒன்றுண்டு. கடந்த காலத்தை மாற்றலாமா, கூடாதா? 1984-ல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட 'சோர்சரர்' விளையாட்டில் ஒரு பூட்டு. அதன் எண் உங்களுக்குத் தெரியாது. திடீரென்று உங்களைப் போலவே ஒருவர் வந்து எண்ணைச் சொல்லிவிட்டு மறைகிறார். பின்னால் நீங்களே காலத்தில் பின்னோக்கிப் போய் உங்களிடமே அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அப்படியானால் எண்ணை முதலில் அறிந்தவர் யார்? யோசித்தால் தலை சுற்றும், ஆனால் முரண் இல்லை, வட்டம் மூடிவிடுகிறது. 1995-ல் கிரஹாம் நெல்சன் எழுதிய 'ஜிக்சா'வில் வேறு வழி. இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளை ஒருவர் மாற்றப் பார்க்கிறார். விளையாடுபவர் அவற்றை நடந்தபடியே நடக்கவிடப் போராடுகிறார்.

எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது ஒரு நடுகல்லால். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நடுகற்களைப் பார்த்தோம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் இறந்தவர்கள், புலியோடு பொருது இறந்தவர்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் இத்தகைய கற்கள் வேடியப்பன் என்று இன்றும் வழிபடப்படுகின்றன. விளையாட்டில் வரும் கல் நாங்கள் கற்பனை செய்தது. வயலோரத்தில் இருக்கும் அந்தக் கல்லில் வீரனின் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊரில் உள்ளே விடுவார்கள். ('அப்போது இரும்பு வாள் உண்டா?' என்ற ஐயம் வந்தது. வரலாற்று ஆசிரியை சிரித்தார். நம் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கி.மு. 2172 அளவிலேயே இரும்பு இருந்ததாக 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டதை நினைவூட்டினார்.)

உள்ளே போனால் அந்த வீரன் உயிரோடு நிற்கிறான். இன்று மாலை அவன் இறக்கப் போகிறான் என்று விளையாடுபவளுக்குத் தெரியும். பாதிப்பேர், "காப்பாற்ற விடவேண்டும், இல்லாவிட்டால் இது என்ன விளையாட்டு?" என்றார்கள். மறுபாதி கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தது. அவன் பிழைத்தால் கல் இல்லை. கல் இல்லாவிட்டால் பெயர் தெரியாது. பெயர் தெரியாவிட்டால் நீ உள்ளே வந்திருக்க முடியாது. கணக்கு சரிதான். ஆயினும் 'முடியாது' என்று திரையில் எழுத எங்களுள் எவருக்கும் மனம் வரவில்லை. ஒருவரை எச்சரிக்க முயல்வதைத் தடுப்பது முறையா? ஒரு வாரம் மதிய உணவு வேளை முழுவதும் இதே பேச்சு. அதில் இரண்டு தோழியர் பேசாமலே இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவில் எச்சரிக்க அனுமதித்தோம். 'போகாதே' என்று எழுதலாம். அதற்கு வரும் விடையை ஒருத்தியே பலமுறை திருத்தி எழுதினாள்:

'அவன் நீ சொன்னதை முழுவதும் கேட்டான். "மாடுகள் யாருடையவை என்று கேட்டாயா? பால் குடிக்கும் பிள்ளைகள் யாருடையவர்?" என்றான். பிறகு வாளை எடுத்துக்கொண்டான்.'

நிகழ்காலத்துக்கு வந்து கல்லை மீண்டும் படித்தால் அதே வரிகள்தாம். ஓர் எழுத்தும் மாறியிருக்காது. இதைப் பரிசோதித்த பலர் கல்லை இரண்டு மூன்று முறை படித்ததைப் பதிவுக் கோப்பில் கண்டோம்.

ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1795-ல் ஒருத்தி 'கடிகாரத்தை வை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். பிறகு திரும்ப வழியில்லை. ஆட்டம் முடியவும் இல்லை, தொடரவும் இல்லை. பழைய விளையாட்டுகளில் இது சாதாரணமாம். எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. இப்போது கடிகாரத்தை எங்கே வைத்தாலும், நாலடி போவதற்குள் ஒரு பாட்டி பின்னால் ஓடிவந்து, "ஏம்மா, இதை மறந்துட்டியே" என்று கொடுத்துவிடுவாள். எல்லா நூற்றாண்டிலும் அதே பாட்டிதான்.

ஆண்டு விழா அன்று பெற்றோரும் விளையாடினார்கள். இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த ஒரு தாயார், முதலில் தட்டச்சுப் பலகையைத் தொடவே தயங்கினார். மகள் எழுத, அவர் சொல்லச் சொல்ல, 1925-ன் ரயில் நிலையம் வரை வந்துவிட்டார். 'டிக்கெட் எடு' என்றார். 'எந்த ஊருக்கு?' என்று கேட்டது கணிப்பொறி. புதிரின் விடை திருப்பத்தூர். அவரோ தாம் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னார். 'அந்தச் சொல் எனக்கு இன்னும் தெரியாது' என்று வந்தது.

"எங்க தாத்தா அந்த ரயிலைப் பத்திச் சொல்லுவாரு" என்றார் அவர்.

அந்த ஊரின் பெயர் இப்போது எங்கள் கோப்பில் இருக்கிறது. ரயில் அங்கே நின்றதா என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.